ஏழாம் நம்பர் பாகம்

வீரராகவன் போட்டோவைக் கவிழ்த்துத்தான் வைத்தார். பிரவுன் கவருக்குள் இரண்டு விரலை விட்டு உருவி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஏஞ்சலினின் மேசைமேல் குப்புறப் போட்டு, போதாக்குறைக்கு அதன்மேல் தன் கைக்குட்டையையும் வைத்தார். செத்த எலியை முறத்தில் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார். இத்தனைக்கும் அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியே அவர்தான். மனிதவளமும் அவரேதான். முதலாளியின் மச்சானோடு காலேஜில் ஒன்றாகப் படித்தவருக்கு இரண்டு பதவி தருவது ஒரு பெரிய விஷயமா? ஆடிட் வரும் நாளில் வெள்ளை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ப்ரெஸ் ஷாப்புக்குள் ஒரு சுற்று வருவார், அதுவும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே. மற்ற நாளெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து சுவரில் ஒட்டுவதற்கு வாசகம் யோசிப்பார். ‘உன் கை, உன் குடும்பத்தின் நம்பிக்கை’ என்று எழுதிவிட்டு, நம்பிக்கைக்குள் கை இருக்கிறது பார்த்தீர்களா என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதை டைப் செய்து, பக்கத்தில் ஒரு கையும் வரைந்து கொடுத்தவள் ஏஞ்சலின்தான்.

“இத லைன் டிராயிங்கா மாத்தணும், ஏஞ்சலின். வியாழக்கிழமை என்கொயரி. வெள்ளிக்கிழமை ஃபாரின் கஸ்டமர் ஆடிட்டுக்கு வர்றாங்க. கொஞ்சம் நீட்டா பண்ணிக் குடுங்க.”

“போட்டோவாவே வெக்கலாமே சார்?”

“கலர்ல பாத்தா பாக்கறவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்மா. லைன் டிராயிங்னா அதுல ஒரு டிக்னிட்டி இருக்கு.”

டிக்னிட்டியாம்! சென்னையில் ஏதோ ஓட்டலில் மத்தியானச் சாப்பாட்டோடு நடந்த கருத்தரங்கில் பொறுக்கிக்கொண்டு வந்த வார்த்தை. வந்த நாளிலிருந்து அதை விடவில்லை. உடைந்த ஏணியா, லைன் டிராயிங். கவிழ்ந்த ட்ராலியா, லைன் டிராயிங். கோடாக மாறிவிட்டால் எல்லாமே எப்போதோ எங்கேயோ யாருக்கோ நடந்ததுபோல ஆகிவிடுகிறது என்பதை அந்த மனிதர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் ஆயுளில் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

“உங்க ரிலேட்டிவ்னு தெரியும். சென்சிடிவ் மேட்டர். அதான் உங்ககிட்டயே தர்றேன்” என்றார். டிராயிங் ரூமில் அவளைத் தவிர வேறு ஆளே கிடையாது. பதினோரு வருஷமாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் அந்த ஷெட்டில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு ஓயாத மின்விசிறியோடு அவள் ஒண்டியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அவர் போனதும் கைக்குட்டையை ஸ்கேலால் தள்ளிவிட்டுப் போட்டோவைத் திருப்பினாள். மூன்றாம் நம்பர் ப்ரெஸ். பத்து நாளைக்கு முன்னால், விபத்து நடந்த கையோடு ஸ்டோர்காரர் கம்பெனி கேமராவில் எடுத்தது. ஆளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். மெஷின் மட்டும் இருந்தது, அதன் காலடியில் ரத்தம் இருந்தது. அந்த ரத்தம் தாவீதுடையது. தாவீது ஏஞ்சலினின் அக்கா மெர்சியின் புருஷன். வலது கையில் கட்டைவிரலைத் தவிர நான்கும் போய்விட்டன.

அவளுக்குத் தாவீதைப் பிடிக்காது. விபத்து நடந்துவிட்டது என்பதற்காகப் பிடித்துவிடவும் இல்லை. அக்காவைக் கல்யாணம் செய்த புதிதில், ஏஞ்சலின் டிப்ளமோ படிக்கப் போகிறேன் என்றபோது, பொட்டப்பிள்ளைக்கு மெஷின் படிப்பா என்று ஊரைக் கூட்டிச் சிரித்த ஆள். ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைப் பையைப் பிடித்துக்கொண்டு வரும்போது, ஏதோ இவர் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கர்த்தருக்குக் கொடுப்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். ‘பதினெட்டு வருசமா ப்ரெஸ் ஓட்றேன், ஒரு நகம் போவல’ என்பதை அவன் வாயால் எத்தனை தடவை கேட்டாளோ கணக்கில்லை.

அந்த ப்ரெஸ்ஸில் இரண்டு பட்டன். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே இருக்கும் பாரம் இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது என்பது அதைச் செய்தவனின் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில் மணிக்கு முந்நூறு தகடு வரும். சூப்பர்வைசர் அன்புராஜுக்கு ஐந்நூறு வேண்டும். அதனால் வலது பட்டனை அமுக்கினபடியே கட்டிவைத்துவிடுவார்கள். இடது கை பட்டனைத் தட்டும், வலது கை தகட்டைத் தள்ளும். கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி எடுத்த பட்டைதான் சரி. கயிறு தளர்ந்துவிடும், டேப் பிய்ந்துவிடும். டியூப் நாலு சுற்று சுற்றினால் ஆடாது அசையாது. ப்ரெஸ் ஷாப்பில் இதற்குப் பேர்கூடக் கிடையாது. ‘டூப்பு போட்டுட்டியா’ என்பார்கள், ‘நாஷ்டா துன்னுட்டியா’ என்று கேட்பதுபோல.

போட்டோவில் டியூப் இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. கறுப்புப் பேனல், அதன்மேல் பதினெட்டு வருஷத்துக் கிரீஸ், அதன்மேல் கறுப்பு டியூப். நாலு சுற்று, ஒரு முடிச்சு. படம் எடுத்த பிறகுதான் அன்புராஜுக்குப் புத்தி வந்து பிளேடால் அறுத்தெடுத்திருக்க வேண்டும்.

ஸ்கேன் செய்து மென்பொருளில் போட்டாள். அதற்கு மூளை கிடையாது, தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளியில் ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு என்றால் நடுவில் ஒரு கோடு போடும். இரண்டும் ஒரே இருட்டு என்றால் அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடும். எவ்வளவு வித்தியாசம் இருந்தால் கோடு என்பதைக் கூட்டவும் குறைக்கவும் கீழே ஒரு ஸ்லைடர் உண்டு. அவள் வழக்கமான இடத்தில் வைத்துத் தட்டினாள். மெஷின் வந்தது, சக்கரம் வந்தது, போல்ட்டுகள் ஒவ்வொன்றும் வந்தன. பட்டன்கள் இரண்டும் அழகாக வட்டமாக வந்தன. டியூப் வரவில்லை. கறுப்பின்மேல் கறுப்பை அது எங்கே பார்க்கும்? ஸ்லைடரைக் குறைத்துப் பார்த்தாள். எண்ணெய்க் கறை, நிழல், தூசி, போட்டோ தாளின் சொரசொரப்பு எல்லாம் கோடாகக் கிளம்பி மெஷினையே முழுங்கிவிட்டன. மறுபடி ஏற்றினாள். சுத்தமான படம். யாரும் எதையும் மறைக்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் டியூப் போய்விட்டது.

சாயங்காலம் வீரராகவன் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். கோடு என்பதால் தைரியமாகப் பார்த்தார்.

“பியூட்டிஃபுல். இதான் நான் கேட்டது. ஆமா, கீழ ஏரி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருக்கே, அது என்ன?”

“ரத்தம் சார்.”

அவர் அரை அடி பின்னால் போனார். “அத எடுத்துடுங்க. கன்ஃப்யூஸ் ஆகும்.” திரையைச் சுட்டிக்காட்டி, “பாகத்துக்கெல்லாம் அம்புக்குறி போட்டு நம்பர் குடுங்க. கீழ லிஸ்ட். ஆடிட்டர்ஸுக்கு நம்பர் போட்டா ரொம்பப் பிடிக்கும். போட்டோவ நான் எடுத்துட்டுப் போறேன், ஸ்கேன டெலீட் பண்ணிடுங்க” என்றார்.

அவர் கண்ணெதிரிலேயே டெலீட் பட்டனை அமுக்கினாள். கோப்பு மறைந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போட்டோவைக் கைக்குட்டைக்குள் மடித்துக்கொண்டு போனார். திரையின் மூலையில் குப்பைத்தொட்டி படம் ஒன்று இருக்கிறது, டெலீட் செய்ததெல்லாம் முதலில் அங்கேதான் போய் விழும் என்பதுகூட அந்த மகானுபாவருக்குத் தெரியாது. மாதம் எவ்வளவு சம்பளம் இந்த ஆளுக்கு!

சூலூர்பேட்டை ரயிலில் ஆரம்பாக்கத்தில் இறங்கியதும் ஏஞ்சலின் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். தாவீது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உப்புமாவை இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தின்றுகொண்டிருந்தான். வலது கை தலையணை மாதிரிக் கட்டுப் போட்டு மடியில் கிடந்தது.

“இன்னா ஏஞ்சலு, வெறுங்கையோட வந்துக்கீற? ஆப்பிள் கீப்பிள் ஒண்ணும் இல்லியா?”

“மாமா, வியாழக்கெழம இன்னா சொல்லப் போற?”

“சொல்றதுக்கு இன்னா கீது? நான்தான் அஜாக்கிரதையா கைய உட்டுட்டேன்னு சொல்வேன். வீரராகவன் சாரே எயுதி வெச்சிக்கிறாரு. ஒரு கையெய்த்துப் போட்டா மேட்டரு ஓவரு. கேட்ல வேல. சேரு, ஃபேனு எல்லாம் கீது.”

“மோசஸ் அண்ணனுக்கு வெரலு போனப்பவும் இதத்தான சொன்னாங்க? மூணு மாசம் கேட்ல குந்த வெச்சாங்க. அப்பால, ‘உன் தப்புன்னு நீயே எயுதிக் குத்துக்கீறியே’ன்னு அந்தப் பேப்பரையே காட்டி தொரத்தி உட்டாங்க. இன்னிக்கி அது ஸ்டேசனாண்ட சைக்கிளுக்கு டோக்கன் கியிச்சினுகீது.”

“மோசஸு குடிகாரப் பய. அவனும் நானும் ஒண்ணா? எனக்குக் கம்பெனில ஒரு மரியாத கீது.”

மரியாதை! நாலு விரலை வாரி எடுத்து ஐஸ் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பிய கம்பெனியில் மரியாதையைத் தேடிக்கொண்டிருக்கிறான் மனிதன். ஏஞ்சலினுக்கு வந்த கோபத்தில் அந்த உப்புமா தட்டைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

“டூப்பு கட்டச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல. நான்தான் கட்னேன். அவருக்கு ஐந்நூறு வேணும்ன்றாரு அன்பராஜு. கட்டாம எப்டி வரும்?”

“அத அப்டியே சொல்லேன்.”

“சொன்னா அன்பராஜு இன்னா நெனைப்பாரு?” என்றான் தாவீது. உண்மையாகவே கேட்டான். “பேஜாரு பண்ணாத ஏஞ்சலு. கர்த்தர் பாத்துப்பாரு.”

“கர்த்தரு பாத்துனுதான் இருந்தாரு. அன்பராஜும் பாத்துனுதான் இருந்தாரு.”

அவன் ஸ்பூனைத் தட்டில் போட்டான். “உனுக்கு இன்னா தெரியும்? நெயல்ல குந்திகினு கோடு போட்றவ. கோட்ட ஒயுங்கா போட்டுட்டு வா, அது போதும். மெஷின் மேட்டர்ல மூக்க நொயிக்காத.”

அவள் எழுந்துவிட்டாள். பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மெர்சி ஈரக் கையோடு தெருமுனை வரை கூடவே வந்தாள். மெர்சி அதிகம் பேசுகிறவள் அல்ல. “தூக்கத்துல எடது கைய போட்டு வலது கைய தடவித் தடவித் தேடறாரு, ஏஞ்சலு” என்றாள். பிறகு, “கேட் வேல நெசமாவே குடுப்பாங்களா?” என்று கேட்டாள்.

ஏஞ்சலின் அக்காவை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு நடந்தாள். அவன் கையெழுத்துப் போட்டால் மூன்று மாதம் நாற்காலி, அதற்கப்புறம் தெரு. அரைக் கையோடு நாற்பத்திரண்டு வயது ஆளை அந்த சிப்காட்டில் எவன் சேர்த்துக்கொள்வான்? ஒரு மனிதன் முட்டாளாக இருக்கலாம், பீற்றல்காரனாக இருக்கலாம். அதற்காக அவன் தலையில் இதைக் கட்டிவிடுவதா? அவளுக்கு அவன்மேல் இருந்த இளக்காரம் குறையவில்லை, ஆனால் அன்று வீடு போய்ச் சேரும்வரை தன்மேல் வந்த இளக்காரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பதினோரு வருஷமாகக் கேன்டீனுக்குப் போகும்போதெல்லாம் அவள் அந்த டியூபுகளைப் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே போய்த் தயிர்சாதம் தின்றுவிட்டு வந்து, நம்பிக்கைக்குள் கை இருக்கிறது என்று டைப் அடித்திருக்கிறாள். அன்புராஜுக்கும் அவளுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

புதன்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு குப்பைத்தொட்டியிலிருந்து ஸ்கேனை வெளியே எடுத்தாள். வெளிச்சத்தைக் கூட்டினாள். கறுப்புக்குள்ளிருந்து டியூப் மெல்ல எழுந்து வந்தது. அதன்மேல் மவுஸை வைத்துக் கையாலேயே வரைந்தாள். ஒரு சுற்றுக்கு இரண்டு கோடு, நாலு சுற்றுக்கு எட்டு. ஓரத்தில் முடிச்சு, முடிச்சிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வால். மற்ற கோடுகளின் தடிமன் என்னவோ அதே தடிமன். வரைந்து முடித்தபோது அது மெஷினோடு பிறந்த பாகம்போலச் சுத்தமாக இருந்தது. இந்த ஸ்கேனை வெளியே எடுத்துக்கொண்டு போனால் திருட்டு என்பார்கள், எங்கேயோ எடுத்த படம் என்பார்கள். வீரராகவன் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய தாள் அப்படி அல்ல. அதில் ஒரு பிரதி திருவள்ளூரில் தொழிற்சாலை ஆய்வாளர் மேசைக்குப் போக வேண்டும் என்பது சட்டம்.

பிறகு நம்பர் போட்டாள். ஒன்று சக்கரம், இரண்டு ரேம் என்கிற அந்தப் பாரம், மூன்று தகட்டை வைக்கும் டை, நான்கு இடது பட்டன், ஐந்து வலது பட்டன், ஆறு அவசர நிறுத்தம். டியூபுக்கு அம்புக்குறி போட்டு ஏழு என்று எழுதினாள். லிஸ்டில் ஏழுக்கு எதிரே பேர் எழுதக் கை வரவில்லை. பயந்துதான் விட்டாள். வேறு காரணம் எதுவும் கிடையாது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வீரராகவனின் அறையில் என்கொயரி. மேசையின் ஒரு பக்கம் அவரும் அவருடைய பச்சை மசிப் பேனாவும். எதிரே தாவீது, சபைக்குப் போகும் வெள்ளைச் சட்டையோடு. இடது சட்டைக்கையின் பட்டனை யாரோ போட்டுவிட்டிருந்தார்கள், கட்டு நுழைவதற்காக வலது சட்டைக்கையைக் கிழித்துவிட்டிருந்தது. பக்கத்தில் அன்புராஜ். ‘எல்லாம் நான் பாத்துக்கறேன் தாவீது’ என்று அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். ஓரத்தில் ஏஞ்சலின், பிரதிகளை எடுத்துக் கொடுப்பதற்காக. டீயும் கிரீம் பிஸ்கட்டும் வந்தன. வீரராகவன் வாக்குமூலத்தைச் செய்தி வாசிப்பதுபோல வாசித்தார். “தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவால்” என்ற இடம் வந்தபோது குரலைத் தாழ்த்தி ஒரு துக்கம் காட்டினார். அதிலும் டிக்னிட்டி.

“இப்ப டிராயிங்” என்றார். ஏஞ்சலின் ஆளுக்கொரு பிரதி வைத்தாள்.

அன்புராஜ் முதலில் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே கீழே இறங்குவதை அவள் பார்த்தாள். தண்ணீர் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். தாவீது நிதானமாகப் பார்த்தான். பதினெட்டு வருஷம் அந்த மெஷினோடு குடித்தனம் நடத்தியவன், அவனுக்கு அது முகம் பார்ப்பதுபோலத்தானே. கண் சக்கரத்தில் ஆரம்பித்து மெதுவாக இறங்கி வலது பட்டனில் வந்து நின்றது. அங்கேயே இருந்தது. பிறகு தலையைத் தூக்கி ஏஞ்சலினைப் பார்த்தான். கோபமா, கேள்வியா, அவளால் படிக்க முடியவில்லை. ‘சார், இது இங்க இருக்கக் கூடாது’ என்று இந்த ஆள் இப்போது வாயைத் திறந்தால் தீர்ந்தது, கேட் வேலையும் அன்புராஜின் மரியாதையும் பத்திரமாக இருக்கும். அவள் வேலை போகும். திறந்துவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள்.

வீரராகவன் பேனா முனையால் லிஸ்டைத் தொட்டுக்கொண்டே போனார். “அஞ்சு வலது பட்டன், ஆறு எமர்ஜென்சி... ஏழு? ஏழுக்குப் பேர் விட்டுட்டீங்களே, ஏஞ்சலின்.”

“எனக்குத் தெரியல சார். மெஷின்ல நிக்கறவங்களத்தான் கேக்கணும்.”

“அன்புராஜ்?”

“சார், அது வந்து... அது வேணாம் சார். எடுத்துடச் சொல்லுங்க.”

வீரராகவனுக்குச் சுருக்கென்றது. “வேணாமா? படத்துல இருக்கறத எப்படிப்பா எடுக்கறது? கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கு. நாளைக்கு ஆடிட்டர் நம்பர் ஏழு எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது? பேரச் சொல்லு, போதும்.”

முந்தாநாள் ஒரு ஏரி ரத்தத்தை எடுக்கச் சொன்ன அதே வாய். அன்புராஜ் வாயைத் திறந்தான், மூடினான். பேரைச் சொன்னால் யார் கட்டச் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். வாயில் பிஸ்கட் இருப்பவன்போல வெறுமனே மென்றான்.

“டூப்பு சார்” என்றான் தாவீது.

“என்னது?”

“ஏழாம் நம்பரு. டூப்பு.”

“டியூப்! அப்படிச் சொல்லு.” வீரராகவன் பச்சை மசியில் எழுதத் தொடங்கினார். “என்ன டியூப்? ஏரா, ஆயிலா?”

“ரப்பர் டூப்பு சார்.”

“சைஸ்?”

தாவீது தன் கட்டுப் போட்ட கையை ஒருதரம் பார்த்துக்கொண்டான். “இருவத்தாறு இஞ்சு.”

“ட்வென்டி சிக்ஸ்.” எழுதினார். “பாத்தீங்களா அன்புராஜ், எக்ஸ்பீரியன்ஸ்னா இதான். உபயோகம் என்னப்பா?”

“வலது பட்டன் எயுந்துக்காம புடிச்சினு இருக்கும் சார்.”

“ஓ, பட்டனுக்கு சப்போர்ட்.” அதையும் எழுதினார். ஏழு, ரப்பர் டியூப், இருபத்தாறு இன்ச், பட்டன் சப்போர்ட். மற்ற இரண்டு பிரதியிலும் அப்படியே எழுதி, எல்லாவற்றின் கீழும் கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், ஊதிக் காயவைத்தார். தாள்களை அன்புராஜ் பக்கம் தள்ளினார். அவன் போட மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், இருந்த ஒரே காரணத்தை வாயால் சொல்ல முடியாது. மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டான். ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வந்தது. எந்த மெஷினில் எது பாகம், எது பாகமில்லை என்றே தெரியாத ஒருவன் கையிலா இத்தனை பேருடைய கையும் இருந்தது?

“இப்ப நீ போடுப்பா, தாவீது. வாக்குமூலத்துலயும் ஒண்ணு.”

“நான் சோத்துக் கைக்காரன் சார். எடது கைல இன்னும் பயக்கம் ஆவல.”

“பரவால்ல, கைநாட்டு வெச்சிடு. இங்க் பேட் இருக்கு.”

தாவீது நிமிர்ந்தான். காணிக்கைப் பையோடு வரும்போது நிமிர்வானே, அதே மாதிரி. ஏஞ்சலினுக்கு எரிச்சல் மூட்டுகிற அதே நெஞ்சு. “நான் பத்தாங்கிளாஸ் பாஸு சார். கைநாட்டு வெக்க மாட்டேன்.”

“அட, ஒரு ஃபார்மாலிட்டிதானேப்பா...”

“எடது கைல எயுதப் பயகிக்கினு வரேன். அதுக்கப்பறம் போட்றேன்.” மேசைமேல் இருந்த டிராயிங் பிரதியை இடது கையால் எடுத்துத் தடுமாறித் தடுமாறி மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “இது ஒண்ணு எனுக்கு.”

வீரராகவன் சலித்துக்கொண்டார், ஆனால் அவருக்கு நாளைக்கு ஆடிட். டிராயிங் தயார், முத்திரை தயார், இவன் கையெழுத்து அப்புறம் வரட்டும். அன்புராஜ் அவர் எழச் சொல்வதற்கு முன்பே எழுந்துவிட்டான். மேசையில் பேனா ஸ்டாண்டிலிருந்த பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டதை ஏஞ்சலின் மட்டும்தான் பார்த்தாள். ஜன்னல் வழியே, அவன் வெயிலில் முற்றத்தைக் கடந்து ப்ரெஸ் ஷாப்புக்குள் ஓடுவது தெரிந்தது.

“டயர்டா இருக்கியாப்பா? டீ குடி” என்றார் வீரராகவன், தானே இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு.

சுவருக்கு அப்பால் எட்டு ப்ரெஸ்ஸும் இடைவெளி விடாமல் இடித்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று நின்றது. மறுபடி தொடங்கியபோது, முந்நூறு தகட்டுக் கணக்கில் நிதானமாக இடித்தது. ஒரு இடி, ஒரு சும்மா, ஒரு இடி. பிறகு இன்னொன்று நின்று அதே மாதிரி தொடங்கியது. பிறகு இன்னொன்று. அறைக்குள் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டே வந்தது. வீரராகவன் கையில் பிஸ்கட்டோடு தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“என்ன, ஒரே டல்லா இருக்கு? லோ வோல்டேஜா?”

தாவீது தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடது ஆள்காட்டி விரல் முழங்காலின்மேல் தட்டிக்கொண்டிருந்தது, பட்டனைத் தட்டுவதுபோல, பழைய வேகத்தில். சுவருக்கு அப்பால் இருக்கும் இடி வருவதற்குள் விரல் முந்திக்கொண்டு போய்விட்டது. அதை மேலே தூக்கிப் பிடித்தபடி அவன் காத்திருந்தான்.